வெள்ளிக்கிழமைப் புகை

கூடத்து மச்சில் இருந்த வெள்ளை டப்பாவை மோகனசுந்தரம் அண்ணாந்து பார்த்தார். அதன் பச்சை விளக்கு அன்றைக்கும் அணைந்து கிடந்தது. தென்னையில் வண்டு விழுந்திருக்கிறதா என்று மரத்தில் காதை வைத்தே சொல்லிவிடுகிற மனிதர் அவர். இந்த டப்பாவிடம் மட்டும் அவர் பாச்சா பலிக்கவில்லை. பல சனிக்கிழமைகளாக இதே கூத்துதான். அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சுப் பெட்டியைத் திறப்பார், விழுந்து கிடக்கும் பிரேக்கரை மேலே தள்ளுவார், வோல்டேஜை நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தோப்புக்குக் கிளம்புவார்.

பெருமாட்டியில் வேறெந்த வீட்டு மச்சிலும் இப்படி ஒரு டப்பா கிடையாது. இவர்கள் வீட்டில் நாலு இருந்தன. புகை வந்தால் ஊரைக் கூட்டும். மாட்ட வேண்டி வந்ததற்குக் காரணம் மகள் செல்வப்பிரியா. ஒரு காய்ச்சலில் நர்மதாவுக்கு மூக்கு வாசம் போய்விட்டது. அந்தச் சமயத்தில் ஒருநாள் மோகனசுந்தரம் தோப்பிலிருந்து வந்தபோது சமையலறை முழுக்க ஒரே கரும்புகை. அடுப்பில் பால் பாத்திரம் அடிப்பிடித்து உருகிக்கொண்டிருந்தது. நர்மதா கூடத்தில் உட்கார்ந்து நிம்மதியாகத் துவரை புடைத்துக்கொண்டிருந்தாள். சேதி கேட்ட மகள், இனிமேல் அம்மா தனியாக அடுப்புப் பக்கம் போகக்கூடாது, ரெண்டு பேரும் கோயம்புத்தூருக்கு வந்துவிடுங்கள் என்று பிடிவாதமாக நின்றாள். மகள் வீடு ஏழாவது மாடி. அங்கே போய் எந்த வாய்க்காலைப் பார்த்து நிற்பது என்று இவருக்குக் கவலை. இவருக்காவது மாசம் ரெண்டு தடவை தோப்பைப் பார்க்க வர ஒரு சாக்கு இருக்கும். நர்மதாவுக்கு அதுவும் கிடையாது. கடைசியில் மாப்பிள்ளை ரமேஷ்குமார்தான் நடுவில் புகுந்து, இன்வெர்ட்டரிலிருந்து தனி லைன் இழுக்க ஆள் வைத்து இந்த டப்பாக்களை மாட்டிக் கொடுத்தார். கொஞ்ச மாசத்தில், பூ மணக்கிறது, பருப்பு வேகிற வாசம் தெரிகிறது என்று நர்மதா சொன்னாள். எல்லோருக்கும் உயிர் வந்தது.

அன்றைக்குப் பக்கத்து டவுன் சித்தூரிலிருந்து எலெக்ட்ரீஷியன் ஜோபியை வரவழைத்தார். லைன் இழுத்தது அவன்தான். ஏணி போட்டு ஒவ்வொரு டப்பாவாகக் கழற்றி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, மறுபடியும் மாட்டினான்.

"வயரும் கனெக்டரும் நல்லா இருக்கு சேட்டா. இந்த லைன்ல நாலு டப்பா மட்டும்தான். ட்ரிப் ஆகறதுக்கு ஒண்ணுமில்லை. ஆரோ கை வச்சு தாழ்த்தினதாக்கும்."

"ஊட்ல இருக்கறதே நாங்க ரெண்டு பேருதான். பல்லியா வந்து தாழ்த்தும்?"

நர்மதா டீயோடு வந்தாள். "ஆறிப்போகுது, குடிங்க தம்பி" என்றாள். ஜோபி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு டீயைக் குடித்தான். மோகனசுந்தரம் பல்லியையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோப்பு மோட்டாருக்குக் கரண்டு இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். வாசலை மிதித்தார். ஜன்னல் வழியாகப் புகை சுருள் சுருளாக வந்துகொண்டிருந்தது. செருப்போடு உள்ளே ஓடினார். சாம்பிராணி. சாமி படமும் தெரியவில்லை, சுவரும் தெரியவில்லை. அதற்கு நடுவில் நர்மதா, கண்ணிலிருந்து நீர் வழிய, தூபக்காலைப் பிடித்துக்கொண்டு கொட்டாங்குச்சிக் கனலில் இன்னொரு கரண்டி தூளைப் போட்டாள். மச்சில் டப்பா செத்ததுபோல் கிடந்தது.

அவர் இருமினார். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்றாள். பிறகு மெதுவாக, "மணக்குதுங்களா?"

"மணக்குது" என்றார்.

நெடி தொண்டையை அடைத்தது. அடுப்பில் பால் உருகிய அந்த நாளில்கூட அவருக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை.

"பிரேக்கரை நீதான் எறக்கறயா?"

"இல்லீனா அது கத்துதுங்க. பொகை போனதும் மேல தள்ளலாம்னுதான் நெனைக்கறேன். போச்சா இல்லையான்னு எனக்குத் தெரியறதில்லை. அப்படியே காலைல வரைக்கும் விட்டுடறேன்."

"பூ மணக்குதுன்னு சொன்னயே புள்ள."

அவள் தூபக்காலைக் கீழே வைத்தாள். "சொல்லாட்டி என்ற ஊட்டை விட்டு அம்முணி கூட்டீட்டுப் போயிருப்பாளுங்க."

கோபம் வரும் என்றுதான் அவரே எதிர்பார்த்தார், வரவில்லை. இத்தனை வெள்ளிக்கிழமைகளும் ராத்திரி முழுக்க அந்த நாலு டப்பாவும் செத்துக் கிடந்திருக்கின்றன. பக்கத்து அறையில் தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.  கூடவே, தெரியாத வாசத்தைத் தெரிந்ததாகக் காட்டி இவள் தனியாக எத்தனை நாடகம் ஆடியிருப்பாள் என்று நினைத்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்கும் சாம்பிராணிதான் காரணம் என்று வைத்துக்கொண்டார்.

ஜன்னல் கதவெல்லாம் விரியத் திறந்தார். அரிசி மூட்டையை நகர்த்தி, "இனிமே இதுமேல கை வெக்காதே. சாம்பிராணி போடறன்னிக்கு நான் ஊட்ல இருக்கறேன், எத்தனை கரண்டின்னு நான் சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டே பிரேக்கரை மேலே தள்ளினார். நாலு டப்பாவும் ஒருசேர அலறின. பின்கட்டில் கட்டியிருந்த எருமை கட்டுத்தறியைப் பிடுங்கியது. மோகனசுந்தரம் முக்காலியைப் போட்டு ஏறி, தோளில் கிடந்த துண்டால் டப்பாவுக்கு விசிறினார். முக்காலி ஆடியது. நர்மதா ஓடிவந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டாள். விசிற விசிறப் புகை கலைந்து ஒவ்வொன்றாக அடங்கின. வீடு நிசப்தமானது. பச்சை விளக்கு எரிந்தது.

"ஏனுங்க" என்றாள் கீழிருந்து. "என்ற மேல ஏதாச்சும் கெட்ட வாசம் அடிக்குதுங்களா? ரொம்ப நாளா கேக்கணும்னு. அதுக்குத்தான் ரெண்டு நேரமும் தண்ணி வாத்துக்கறேன்."

அவர் முக்காலி மேலிருந்தபடியே குனிந்து, அவள் உச்சந்தலைக்கு மூக்கைக் கொண்டுபோனார். அவசரமே இல்லாமல் மூச்சை இழுத்தார்.

"தேங்காண்ணெ. கொஞ்சம் மஞ்சள். சாம்பிராணி எக்கச்சக்கம்."

அவள் சிரித்தாள். அதற்குள் சாமி மாடத்தில் கிடந்த போன் அடித்தது. செல்வப்பிரியாதான்.  நர்மதா அவரைப் பார்த்தாள். சொல்லிவிடு என்பதுபோல் அவர் தலையை ஆட்டினார். அவள் ஒரு கையை எட்டிப் போனை எடுத்தாள். இன்னொரு கை முக்காலியை விடவில்லை.

"அம்முணி" என்றாள். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் இறங்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் பேசி முடிக்கும்வரை அப்படியே மேலே நின்றார்.