எண்ணெய் படிந்த கைப்பை

"தூசி மட்டும் தொடச்சுக் குடுங்கக்கா" என்று எங்கள் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் சுபஸ்ரீ தன் தோல் கைப்பையை என் செக்கிங் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மிருதுவான பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தேன். பூனைக்குட்டியின் வயிறு மாதிரி தோல் குழைந்தது. மெஷின் இரைச்சல் எங்கோ மிதந்து போக, எனக்குக் கண் சொக்கியது. அப்போதுதான் ஓரத்தில் ஓர் எண்ணெய்க் கறை தெரிந்தது. பதினெட்டு வருஷம் பனியனில் கறை எடுத்த திமிர் சும்மா இருக்குமா? கறை எடுக்கும் ஸ்பாட் கன்னை எடுத்து மருந்தைப் பீச்சினேன். கறை போனது. கூடவே நிறமும் போய், பகல் நிலாவாய் ஒரு வட்டம் வெளுத்து நின்றது.

சுபஸ்ரீ வந்து அந்த வட்டத்தை முகர்ந்து பார்த்தாள்.

"அம்மா கடைசியா பஸ்ஸுல இதுமேலதான் தலை சாஞ்சு தூங்குனாங்க. அவங்க தலையெண்ணெய் வாசம் காலைல வரைக்கும் இருந்துச்சுங்கக்கா."