குப்பை இல்லாத கூட்டெரு நிலையம்

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்: நெருப்பைக் கண்டுபிடித்து, சில்லைக் கண்டுபிடித்து, அதன் பிறகு நெடுங்காலம் களைத்துப்போய் உட்கார்ந்திருந்த மனிதகுலம், தன் மூன்றாவது பெரும் அடியைக் கொழும்பு பதின்மூன்று, பழைய பண்டகசாலை ஒழுங்கையில், நாற்பத்தோராம் இலக்கத்துக்குப் பக்கத்து வெறுங்காணியில் எடுத்து வைக்கவிருந்தது. அந்த அடியின் பெயர், பழைய பண்டகசாலை ஒழுங்கை சமூக மீள்சுழற்சி மற்றும் கூட்டெரு முன்மாதிரி நிலையம். திறப்புவிழா சனிக்கிழமை, சுபநேரமான காலை ஒன்பது பன்னிரண்டுக்கு. அதை நடத்தும் ஒழுங்கை மேம்பாட்டுச் சங்கத்தின் தலைவர் கத்தோலிக்கர்தான். ஆனால் பிரதம விருந்தினர் சுபநேரம் பார்க்கிறவர். ஆகவே சங்கமும் அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தை விசுவசித்தது. மூன்று மொழிகளிலும் அச்சான அழைப்பிதழில், குப்பை என்ற சொல் ஓரிடத்திலும் வராதபடி தலைவர் தாமே பார்த்துக்கொண்டார்.

நிலையத்தில் ஒரேயொரு குறைதான் இருந்தது. திறந்து வைப்பதற்கு முன்னமே அது வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

வேலை செய்ய வைத்தவள் பேர்ணடெற். பதினொரு வருஷமாக ஒழுங்கை மேம்பாட்டுச் சங்கத்துக்காக அந்த ஒழுங்கையைக் கூட்டுகிற நாட்கூலிக்காரி. மீதொட்டமுல்லையில் குப்பை மலை வீடுகளின் மேல் சரிந்து ஆட்கள் செத்த வருஷம், கொழும்பு முழுவதும் சில மாதம் குப்பையைப் பற்றியே கதைத்தது. கதை ஓய்ந்த பிறகு வெளிநாட்டிலிருந்து நிதி வந்தது. நிதியோடு ஒரு கடதாசியும் வந்தது. அதில் எழுதியிருந்ததைத் தலைவர் கொன்ஸ்ரன்ரைன் பேர்ணடெற்றுக்கு வாசித்துக் காட்டினார். நிலையத்தின் முதலாவது கூட்டெரு பன்னிரண்டாவது கிழமையில் ஆய்வுகூடப் பரிசோதனையில் தேற வேண்டும். தேறினால் நிலையப் பொறுப்பாளர் என்று ஒருவருக்கு நிரந்தர நியமனம் உண்டு. நியமனம் பெறுகிறவருக்கு நாற்பத்தைந்து வயது நிரம்பியிருக்கக் கூடாது.

பேர்ணடெற்றுக்கு நாற்பத்தைந்து நிரம்ப இன்னும் பதின்மூன்று கிழமை இருந்தது. அந்தக் கணக்கை அவள் ஒரு தரம்தான் போட்டாள். அடுத்த நாளே, நிலையத்துக்கென்று கட்டி முடித்திருந்த தொட்டியில் குப்பையைப் போட்டாள்.

மூலையில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஸாலிஹ் நானா வாழையிலையும் மரக்கறித் தோலும் கொடுத்தார். கோயிலிலிருந்து வாடின பூ வந்தது. வீட்டு வீடாகப் போய்த் தேயிலைச் சக்கையும் பலாக்காய்ச் சக்கையும் மீன் செவுளும் வாங்கினாள். சனம் என்னவோ பிரித்துத்தான் கொடுத்தது. ஆனால் சோற்றோடு அதைச் சுற்றின பொலித்தீன் லஞ்ச் சீற்றும், லஞ்ச் சீற்றோடு கரண்டியும், ஒருநாள் ஒரு பல்செற்றும் வந்தன. பல்செற்றைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். வாங்கின கிழவர் நன்றி சொல்லவில்லை, சிரித்தார். அதுவே பெரிய காரியம்.

ஒருநாள் பயிற்சிப் பட்டறையில் வெப்பமானி வைத்துச் சூடு பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வெப்பமானியைச் சங்கம் தலைவர் வீட்டு ஷோகேஸில், ஞானஸ்நானப் படத்துக்குப் பக்கத்தில், பத்திரமாக வைத்திருந்தது. பேர்ணடெற் ஒரு இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவே குத்தி வைத்தாள். காலையில் இழுத்து எடுத்து, உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு, 'அருள் நிறைந்த மரியே' சொல்லத் தொடங்குவாள். மூன்றாம் கிழமை 'கர்த்தர் உம்முடனே' வரைக்கும் வருவதற்குள் கையை உதறினாள். நல்ல சூடு. புழு பூச்சியெல்லாம் செத்திருக்கும். ஆறாம் கிழமை பாதிச் செபம். பத்தாம் கிழமை முழுச் செபத்தையும் சொல்லி ஆமென் போட்டு, கம்பியை மூக்கடியில் வைத்துப் பார்த்தாள். மழை பெய்து விட்ட மண் மாதிரி இருந்தது. இன்னும் இரண்டு கிழமை கிடந்தால் போதும்.

அந்தப் புதன்கிழமைதான் கொன்ஸ்ரன்ரைன் பார்வையிட வந்தார். சமாதான நீதவான், துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் சேவை, சங்கத்தின் ஆயுட்காலத் தலைவர். வாசலில் நின்றபடியே கைலேஞ்சியால் மூக்கைப் பொத்தினார்.

"என்ன பேர்ணடெற் இது?"

"கொம்போஸ்ட், சேர்."

"கொம்போஸ்ட் எண்டால் சரி. அதுக்குள்ள என்னத்துக்குக் குப்பை கிடக்குது?"

"குப்பையிலதானே சேர் செய்யிறது."

"ஓம், ஓம், அது எனக்குத் தெரியும். நான் கேக்கிறது, சனிக்கிழமை பிரதம விருந்தினர் வாற இடத்தில ஏன் கிடக்குது எண்டு. போட்டோ எடுப்பினம். பேப்பரில வரும். ஈ மொய்க்கிற படமே வரவேணும்?"

"இப்ப ஈ இல்ல சேர். மணமும் இல்ல. இஞ்ச பாருங்கோ."

அவள் ஒரு பிடி அள்ளி நீட்டினாள். முப்பத்தொரு வருஷச் சேவை இரண்டு அடி பின்வாங்கியது.

"சேர், இன்னும் ரெண்டு கிழமைதான். விழாவ ரெண்டு கிழமை தள்ளி வைக்க ஏலாதா?"

"தள்ளவோ! அதுக்குப் பிறகு தேர்தல் அறிவிச்சிடுவாங்கள் பிள்ளை. பிரதம விருந்தினர் பிரதம விருந்தினராவே இருப்பாரோ எண்டு ஆருக்குத் தெரியும்?"

"அப்ப ஒரு தொட்டிய மட்டும் விடுங்கோ சேர். படங்கு போட்டு மூடி விடுறன். எனக்கு நாப்பத்தஞ்சு முடியப் போகுது. உங்களுக்குத் தெரியுந்தானே."

கொன்ஸ்ரன்ரைன் கெட்டவர் இல்லை. கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால்தான் அந்த ஒழுங்கையில் பாதிக் காரியம் நடக்காமல் கிடந்தது.

"நான் பாக்கிறன்," என்றார்.

ஸாலிஹ் நானாவிடம் இதைச் சொன்னபோது அவர் கொத்துரொட்டிக் கல்லைத் துடைப்பதை நிறுத்தினார்.

"பாக்கிறனெண்டு சொன்னாரா? அப்ப முடிஞ்சி தங்கச்சி. எங்கட கடை முன்னுக்குத் தண்ணி ஓடக் கானை வெட்டித் தாறதுக்கும் அவரு ஏழு வருஷமாப் பாத்துக்கிட்டுத்தான் ஈக்கிறாரு." உள்ளே போய் ஒரு வெற்று அரிசிச் சாக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். "ஒரு மூட்டையாவது அள்ளி வைங்க. என்னத்துக்கும் உதவும்."

அன்று பின்னேரமே அவள் ஒரு சாக்கு நிறைய அள்ளிக் கட்டி, இரண்டாம் மாடியில் தான் இருந்த ஒற்றை அறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். படியில் எதிர்ப்பட்ட பக்கத்து அறை நேசம் அக்கா, "என்னடி, சீதனமோ?" என்று கேட்டாள். பேர்ணடெற்றும் சிரித்துவிட்டு, ஓம் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை லொறி வந்தது. தலைவர் பார்த்துவிட்டார் போலும். சாரதி சிங்களப் பொடியன், அவளுக்குப் பழக்கமானவன். "மல்லி, பொட்டக் இன்ன," என்று அவள் லொறியின் முன்னால் போய் நின்றாள். கொஞ்சம் பொறுக்கத்தான் சொன்னாள். அவன் பொறுத்தான். இறங்கி, பீடி பற்ற வைத்து, அது முடியும் வரைக்கும் பொறுத்தான். பிறகு, தனக்குச் சொன்னதைத்தான் தான் செய்கிறேன் அக்கே என்று சிங்களத்தில் மரியாதையாகச் சொல்லிவிட்டு, மண்வெட்டிக்காரர்களைக் கூப்பிட்டான். பத்துக் கிழமை, அரை மணித்தியாலத்தில் லொறிக்குள் ஏறியது. அங்கே ஏற்கெனவே கிடந்த பம்பர்ஸுக்கும் உடைந்த கொமட்டுக்கும் மேலே, கறுப்பாய், பொலபொலவென்று, அது ஒன்றுதான் பார்க்க அழகாய் இருந்தது.

பின்னேரம் தொட்டிகளுக்கு வெள்ளை பூசினார்கள். இரவல் மணவறை மாதிரி இருந்தது. தொட்டியை வெறுமையாய்க் காட்டக் கூடாதே என்று, பூக்கன்றுக் கடையொன்றிலிருந்து மூன்று மூட்டை தும்புத்தூள் வந்து இறங்கியது. தென்னந்தும்பு அடிக்கும்போது உதிருகிற தூள். மண்ணிறம், சுத்தம், மணமில்லை, குணமுமில்லை. பிரசங்கத்துக்கு மிகவும் பொருத்தமான பொருள்.

சனிக்கிழமை பிரதம விருந்தினர் சுபநேரம் கழிந்து ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தார். நாடா வெட்டினார். கல்வெட்டைத் திரை நீக்கினார். கழிவு என்பது கழிவல்ல, வளம் என்றார். தொட்டியிலிருந்து தும்புத்தூளை ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து, கண்ணை மூடி, "கொஞ்சங்கூட மணமில்லையே!" என்று வியந்தார். சனம் கைதட்டியது. கொன்ஸ்ரன்ரைனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆள் நடிக்கவில்லை. உண்மையாகவே கலங்கியது.

அதன் பிறகுதான் சிக்கல். விருந்தினர்களுக்குச் செவ்விளநீர் கொடுத்தார்கள். குடித்து முடித்த கோம்பையைப் பிரதம விருந்தினர் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடலாம் என்று சுற்றிப் பார்த்தார். மாநகரிலேயே அதி நவீன கூட்டெரு நிலையத்தின் நட்டநடுவில் அவர் நின்றார். கோம்பை போட ஓர் இடம் இல்லை. ஒரு கணம் எல்லாரும் வெள்ளைத் தொட்டியைப் பார்த்தார்கள். எல்லாரும் உடனே பார்வையைத் திருப்பினார்கள்.

"பேர்ணடெற்!" என்று கொன்ஸ்ரன்ரைன் கூப்பிட்டார்.

அவள் பதினெட்டுக் கோம்பையையும் சேர்த்துக் கொண்டுபோய்ப் படலைக்கு வெளியே, மதில் ஓரமாக அடுக்கினாள். நிலையத்தைத் தேடி முறைப்படி வந்த முதலாவது கழிவு அதுதான். விழா முடிந்ததும் தலைவர் படலையைப் பூட்டித் திறப்பைத் தம் ஷோகேஸில், வெப்பமானிக்குப் பக்கத்தில் வைத்தார். வெள்ளை பழுதாகிவிடும் அல்லவா?

பன்னிரண்டாவது கிழமை செவ்வாய்க்கிழமை, ஆய்வுகூடத்திலிருந்து ஷிப்லி என்ற இளம் உத்தியோகத்தர் மாதிரி எடுக்க வந்தார். கொன்ஸ்ரன்ரைன் திறப்போடு வந்தார். பேர்ணடெற் சாக்கோடு வந்தாள். இரண்டாம் மாடியிலிருந்து தனியே இறக்கி, தோளில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"சேர், இதத் தொட்டியில கொட்ட விடுங்கோ. இதுதான் சாமான்."

"விசரோ உனக்கு? திறந்து வைச்ச தொட்டியில குப்பை கொட்டுறதே?"

"அது தும்புத்தூள் சேர். பரிசோதனையில தேறாது."

கொன்ஸ்ரன்ரைன் அவளைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தார். "பிள்ளை, குப்பையில செய்த சாமானே தேறுமெண்டு நீ சொல்லுறாய். அப்ப இவ்வளவு சுத்தமான சாமான் தேறாதே? கொஞ்சம் யோசிச்சுப் பார்."

அவருடைய முகத்தில் சூது வாது ஒன்றும் இல்லை. அதைக் கண்டதும்தான் அவள் தோளிலிருந்த சாக்கை நிலத்தில் இறக்கினாள். கள்ளனிடம் கெஞ்சலாம், சண்டை பிடிக்கலாம். இவரை என்ன செய்வது?

அவள் சாக்கின் வாயை அவிழ்த்து ஷிப்லியிடம் காட்டினாள். அவர் குனிந்து ஒரு பிடி அள்ளினார். விரலால் உதிர்த்தார். முகர்ந்தார்.

"நல்ல கொம்போஸ்ட் அக்கா இது. எங்க வாங்கினீங்க?"

"நான் செய்தது. இந்தத் தொட்டியில செய்தது."

"இப்ப தொட்டியில இல்லையே."

"இப்ப போடுறன், பிறகு எடுங்கோ."

"என்ட கண்ணுக்கு முன்னால கொட்டினத எப்பிடி அக்கா எடுக்கிற? தொட்டியில ஈக்கிறதத்தான் எடுக்கலாம். சட்டம் அப்பிடி." உண்மையான மனவருத்தத்தோடு சொன்னார். உண்மையான மனவருத்தத்தோடேயே தும்புத்தூளைப் பொலித்தீன் பையில் நிரப்பி, திகதி எழுதி, ஒட்டினார்.

பேர்ணடெற் பழக்க தோஷத்தில் கம்பியை எடுத்துத் தும்புத்தூளில் குத்தி இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். குளிர்ந்து கிடந்தது. பிடித்துக்கொண்டு ஒரு முழுச் செபமாலையே சொல்லி முடிக்கலாம். அவள் செபம் தொடங்காமலே கம்பியை மதிலில் சாத்தினாள்.

அறிக்கை அடுத்த கிழமை வந்தது. மாதிரியில் பயிருக்குப் போதிய நைதரசன் இல்லை, கூட்டெருவுக்குரிய பண்பு எதுவும் இல்லை, கெட்ட மணம் இல்லை. கொன்ஸ்ரன்ரைன் சங்கக் கூட்டத்தில் மூன்றாவதை மட்டும் இரண்டு தரம் வாசித்தார். நன்றித் தீர்மானம் நிறைவேறியது. வெளிநாட்டுக்காரர், கூட்டெரு இல்லாத நிலையத்துக்குப் பொறுப்பாளர் தேவையில்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டார்கள். அதற்கும் அடுத்த நாள் பேர்ணடெற்றுக்கு நாற்பத்தைந்து நிரம்பியது. ஸாலிஹ் நானா ஒரு பிளேன்ரீயும் ஒரு துண்டு வட்டலப்பமும் கொடுத்தார்.

இதற்கிடையில் ஒழுங்கைச் சனத்துக்குப் பிரிக்கப் பழகிவிட்டது. உக்குவது ஒரு பையில், உக்காதது ஒரு பையில் என்று காலையில் ஒழுங்காகக் கொண்டுவந்தார்கள். படலை பூட்டிக் கிடந்தது. வெளியே ஏற்கெனவே கோம்பைகள் கிடந்தன. ஆகவே பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். முதல் கிழமை பிரித்து வைத்தார்கள். இரண்டாம் கிழமையிலிருந்து வைத்தார்கள், அவ்வளவுதான். காகம் வந்தது, நாய் வந்தது, நுளம்பு வந்தது, பிறகு கல்வெட்டுக்கு நேரே கீழே, மூன்று மொழியிலும் சங்கம் ஒரு பலகை மாட்டியது: 'இங்கே குப்பை கொட்டத் தடை.'

பலகையைப் பாதுகாக்க ஓர் ஆள் வேண்டுமென்று சங்கம் முடிவு செய்தது. படலைக்கு முன்னால் தினமும் கூட்டுவதற்கு, நாட்கூலிக்கு, பேர்ணடெற்றையே போட்டார்கள். அனுபவம் உள்ளவள் என்று தலைவர் பரிந்துரைத்தார்.

முதல் நாள் அவள், மறுபடி கட்டிலுக்குக் கீழே போயிருந்த சாக்கையும் கொண்டுவந்தாள். அறையில் ஒரு பூச்சாடி வைக்கவும் இடமில்லை. நேசம் அக்காவும் இப்போது சீதனம் என்று சொல்வதில்லை, கரப்பான் வருகிறது என்கிறாள். லொறி வந்து நின்றது. கோம்பையும் பைகளும் ஏறின. அந்தச் சிங்களப் பொடியன் சாக்கைத் தூக்கிப் பார்த்து, பாரமாய் இருக்கிறதே அக்கே, உள்ளே என்ன என்று கேட்டான்.

"குப்பை," என்றாள்.