பெட்டி தொங்கிய ஆணி

தகரப் பட்டறைக்குள் காற்று நுழைந்தால் கீறல் படாமல் வெளியே போகாது. வெட்டிப் போட்ட தகரத்தின் ஓரங்களுக்கு அப்படியொரு கூர்மை. டப்பா மூடி வெட்டும் மேசையில் எதிரெதிரே அண்ணியும் நாத்தனாரும் நின்றார்கள். வீட்டில் ஒரே அடுப்புக்கு மல்லுக்கட்டுகிறவர்கள், இங்கே ஒரே தகரத்தை ஆளுக்கொரு முனையில் பிடித்திருந்தார்கள். கையுறை கேட்டதற்கு, போட்டால் வேலை ஓடாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

கை கிழிந்தால் குழாயடிக்கு ஓட வேண்டும். அங்கே சுவர் நெடுக வெட்டுக்காயப் பூண்டு மண்டிக் கிடந்தது. நீளக் காம்பின் நுனியில் சட்டைப் பொத்தான் அளவுக்குப் பூ. நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெள்ளை. அண்ணி இலையை உருவி, உள்ளங்கையில் கசக்கி, சாற்றைக் காயத்தில் பிழிவாள். எரிகிற எரிச்சலில் செத்துப்போன பாட்டன் பூட்டன் எல்லாம் கண்முன்னே வந்து நலம் விசாரிப்பார்கள். ஆனால் ரத்தம் நின்றுவிடும். அந்தச் சாறு படாத கை பட்டறையில் கிடையாது. மேஸ்திரியின் முழங்காலும் அதில் சேர்த்தி.

ஒருநாள் முதலாளி வந்து, சுவரில் ஆணியில் தொங்கிய மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தார். பஞ்சும் டிஞ்சரும் வைத்தது வைத்தபடி இருந்தன. யாரும் தொடுவதில்லையா என்று கேட்டார். அண்ணிக்கு வாய் சும்மா இருக்குமா?

"அது எதுக்குங்க? நம்ம பூண்டு இருக்கே. தலையே துண்டா விழுந்தாலும் ரெண்டு சொட்டு விட்டாப் போதும். ஒட்டிக்கிட்டு மறுநாள் வேலைக்கு வந்துடும்."

பட்டறையே சிரித்தது. முதலாளி எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். போகும்போது பெட்டியைக் கழற்றிக் காரில் வைத்துக்கொண்டார். ஆணி மட்டும் மிஞ்சியது.

அடுத்த மாதம் ஒரு தகடு வழுக்கி, நாத்தனாரின் வலது ஆள்காட்டி விரலை அடியில் அறுத்தது. அண்ணி கைநிறைய இலையோடு ஓடிவந்து பிழிந்தாள். ரத்தம் நின்றது. சுற்றி நின்றவர்கள் மூச்சு விட்டார்கள்.

"விரலை மடக்கு."

"மடக்கிட்டுத்தான் இருக்கேன், அண்ணி."

மற்ற விரல்கள் மடங்கின. அது மட்டும் நீட்டியபடி நின்றது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி வேண்டும் என்று அண்ணி மேஸ்திரியிடம் போய் நின்றாள். அவர் முதலாளிக்குப் போன் போட்டுவிட்டுப் பிடரியைத் தேய்த்துக்கொண்டு வந்தார். ரத்தம் நின்றுவிட்டதா என்று கேட்டாராம். நின்றுவிட்டது என்றதும், அப்புறம் எதற்கு வண்டி என்று வைத்துவிட்டாராம்.

"இலை தோலைத்தாங்க மூடும். உள்ள அறுந்த நரம்பை அது எப்படிங்க ஒட்ட வைக்கும்?"

"தலையே ஒட்டும்னு நீதானேம்மா சொன்ன?"

அண்ணி திரும்பிப் போய் நாத்தனாரின் இடது கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

பஸ் பிடித்து இருவருமே போனார்கள். ஆபரேஷன் செய்தால் விரல் மடங்கும் என்றார் டாக்டர். அதற்கான செலவைக் கேட்டபோது, ஆறிப்போன காயத்துக்கு ஆபரேஷனா என்று முதலாளி வியந்தார்.

இப்போது நாத்தனார் தகரம் பிடிப்பதில்லை. பாதிக் கூலிக்குப் பட்டறையைப் பெருக்குகிறாள். மேசையில் அண்ணியின் பேச்சுச் சத்தம் கேட்பதே இல்லை. பெட்டி இருந்த ஆணியில் ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் மண் நிரப்பி, பூண்டை நட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். முதலாளியின் ஏற்பாடு. தண்ணீர் ஊற்றுவதும் பெருக்குகிறவள் வேலைதான். காலையில் அவள் எக்கி நின்று குவளையைச் சாய்க்கிறாள். ஒரு விரல் மட்டும் பிடியில் மடங்காமல், பூவை நோக்கி நீண்டிருக்கிறது.