வெயிலை மறைத்த மாப்பிள்ளை

மாமனாரிடம் மூன்று கண்ணாடிக் குடில்கள். மூன்றிலும் குடைமிளகாய். இரண்டு மருமகன்களுக்கும் ஆளுக்கொன்றைக் கொடுத்தார். எவர் செடி நன்றாக வருகிறதோ அவருக்கே மூன்றாவதும். ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு.

மூத்தவர் வேலி வழியாக வேவு பார்த்தார். சகலையின் குடிலில் ஒரு சிலிண்டர்! கார்பன் டை ஆக்சைடு. வெயில் ஏறியதும் கொஞ்சமாகத் திறந்துவிடுகிறார். இலைகள் தளதளவென்று மின்னுகின்றன.

அவ்வளவுதானா ரகசியம்?

இவர் குடிலில் நான்கு சிலிண்டர்கள் வந்து இறங்கின.

"என்னங்க, அவர் ஒண்ணுதானே வெச்சிருக்கார்?" என்றாள் மனைவி.

"அதான்டி நாலு! அவன் செடிக்கு டிபன், நம்ம செடிக்கு விருந்து."

அத்தோடு விட்டாரா? ஒரு மூச்சு கேஸ்கூட வெளியே போகக் கூடாதாம். நான்கையும் முழுசாகத் திறந்துவிட்டு, கூரை முதல் கதவிடுக்கு வரை கறுப்புத் தார்ப்பாய் போர்த்தி, ஓரமெல்லாம் டேப் ஒட்டினார்.

"வெளிச்சமே இல்லாம செடி எப்படிங்க சமைக்கும்? அடுப்ப அணைச்சிட்டு அரிசிய கொட்டறீங்களே!"

"நீ யார் கட்சி? உன் தங்கச்சி புருஷன் கட்சியா?"

ஞாயிறு காலை மாமனார் வந்தார். பின்னாலேயே சகலை.

"அசந்துடுவீங்க மாமா!" டார்ச்சோடு உள்ளே பாய்ந்தார் மூத்தவர். "இந்த இலையைப் பா..."

தடால்!

பின்னால் நுழையப் போன மாமனாரை மனைவி பிடித்து இழுத்தாள். "உள்ள போகாதீங்கப்பா! முழுக்க கேஸ்!"

அவள் கத்தியால் தார்ப்பாயைக் கிழித்தாள். சகலை மண்வெட்டியால் கண்ணாடிகளை உடைத்தார். காற்று புகுந்தது. சகலை மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி, விழுந்தவரின் காலைப் பற்றி வெளியே இழுத்துப் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் கண் திறந்தது.

"செடி... எப்படி இருக்கு?"

"மஞ்சளா துவண்டு கிடக்கு. நீங்க பரவாயில்ல," என்றாள் மனைவி.

"ஒரு அளவுக்கு மேல குடுத்தா அது எடுத்துக்காது சகலை," என்றார் இளையவர், மூச்சு வாங்கிக்கொண்டே. "அதுவும் இருட்டுல..."

"மூணாவது உங்களுக்குத்தான் மாப்பிள்ளை," என்று அவர் தோளைத் தட்டினார் மாமனார்.

"நியாயந்தான்ப்பா," என்றாள் மூத்த மகள். "அப்படியே இந்தக் குடிலை இவர்கிட்டேருந்து வாங்கி எனக்குக் குடுங்க."

சாவி கை மாறியது.

"அப்போ நான்?" என்றார் தரையில் கிடந்தவர்.

"தண்ணி ஊத்துங்க. எவ்வளவுன்னு நான் சொல்றேன்."