மலைக்கு வாங்கிய கோட்டு

மலைக்குக் கோட்டு சூட்டு எடுத்துக் கொடுக்கும் முறை இந்த ஆண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. வரைபடத்தில் அதன் பெயர் போப்போகாட்டெபெட்டில் எரிமலை. எங்களுக்கு அவர் தோன் கோயோ, அதாவது கோயோ ஐயா. மார்ச் மாதம் அவருக்குப் பிறந்தநாள். ஊரே மேளத்தோடு ஏறிப்போய் உச்சிக்குக் கீழே புதுத் துணியும் சோறும் வைத்துவிட்டு வரும்.

என் வீட்டுக்காரர் இலாரியோன் சோலுலா நகரத்துக் கடைத்தெருவெல்லாம் அலைந்து பழுப்பு நிறத்தில் ஒன்றை எடுத்துவந்தார். தானே போட்டுப் பார்த்து, "அவருக்கும் எனக்கும் ஒரே உடம்பு" என்றார். மலையின் உடம்பை இவர் எப்போது அளந்தாரோ.

இந்த மார்ச்சில் பிறந்தநாளுக்கு முன்பே மலை உறுமத் தொடங்கியது. பட்டாளத்துக்காரர்கள் பாதையை அடைத்துவிட்டார்கள். மே மாத மழையும் வந்தது. கோட்டு ஆணியிலேயே தொங்கியது. ஒவ்வொரு உறுமலுக்கும் இவர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

ஒருநாள் காலையில் சாம்பல் கொட்டத் தொடங்கியது. ஊரைக் காலி செய்யச் சொல்லிப் பேருந்துகள் வந்தன. பேரிடர்த் துறையிலிருந்து யாரெலி என்ற பெண் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"ஐயா, கடலடித் தட்டு ஒண்ணு நம்ம நிலத்துக்கு அடியில சொருகிக்கிட்டே போகுது. ஆழத்துல அது விடுற தண்ணியாலதான் அங்க பாறை உருகுது. அது மேல வர்றதுக்கு வழி பார்க்குது. நெருப்புச் சாம்பல் ஓடையில எறங்குச்சுன்னா இந்த பஸ்ஸாலகூட முந்த முடியாது."

"தட்டு மேல எனக்கு ஒரு கோவமும் இல்லம்மா" என்றார் இவர். "தோன் கோயோவுக்குத் துணி வரல. அதான் மனுஷன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு. பாதையத் தொறந்து விடுங்க, நான் பேசிக்கிறேன்."

"கூரை மேலயே இவ்வளவு சாம்பல் கெடக்கு. மழை பேஞ்சு நனைஞ்சா சிமெண்ட்டு மாதிரி கனக்கும், ஐயா."

"என் கூரைய நான் பார்த்துக்கிறேன்."

நான் கெஞ்சினேன். திட்டினேன். கட்டிலில் உட்கார்ந்த மனிதர் அசையவில்லை. சரி என்று துணி மூட்டை கட்டினேன். கோழிக்குத் தீனி வைக்க அவர் கொல்லைப் பக்கம் போனதும், ஆணியிலிருந்த கோட்டு சூட்டை உருவி என் போர்வைக்குள் திணித்துக்கொண்டு பேருந்தில் ஏறிவிட்டேன். எனக்காக வரமாட்டார். அதற்காக வருவார் என்று தெரியும்.

கீழே பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்க வைத்தார்கள். மாலையில் சேற்று மழை பெய்தது. ஒவ்வொரு வண்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வராவிட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது. கடைசியில் ஒரு சோள வண்டியின் பின்னாலிருந்து சாம்பல் சேற்றில் முங்கிய உருவம் ஒன்று குதித்தது.

"எங்கடி அது?"

"வா, உட்காரு."

"சாமி காரியத்துல கை வச்சிட்டியேடி. குடு, நான் இப்பவே மேல போறேன்."

"பாதைய அடைச்சிட்டாங்க. உனக்குப் பல்லு கிட்டுது பாரு."

மாற்றுத் துணி எதுவும் கொண்டுவரவில்லை மகராசன். நான் மூட்டையில் வைத்திருந்ததெல்லாம் பாவாடை. உலர்ந்திருந்த ஆண் துணி அந்தக் கோட்டு சூட்டு மட்டும்தான்.

"செத்தாலும் போட மாட்டேன்" என்றார். இருமினார். மறுபடி இருமினார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு போட்டுக்கொண்டார். அளவு அப்படியே பொருந்தியது.

பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுக்குக் கொடுத்த பயறு வாங்க வரிசையில் நின்றபோது பக்கத்து வீட்டு எலிகியோ தொப்பியைக் கழற்றினான். "தோன் கோயோ, நீங்களே எறங்கி வந்துட்டீங்களா? முன்னாடி போங்க, உங்களப் பகைச்சுக்கிட்டு நாங்க எங்க போறது?" வரிசையே சிரித்தது. இவர் காதெல்லாம் சிவந்தது. ஆனாலும் முன்னால் போய் வாங்கிக்கொண்டார்.

மலை அடங்கியபின் ஊருக்குத் திரும்பினோம், இவர் இன்னும் அந்தக் கோட்டிலேயே. எங்கள் கூரை அப்படியே உள்ளே இறங்கியிருந்தது. உத்திரம் கட்டிலை இரண்டாக முறித்துக் கிடந்தது. அவர் காவல் இருக்கிறேன் என்று உட்கார்ந்திருந்த அதே கட்டில்.

குனிந்து, முறிந்த கட்டில் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"துணி போகலைங்கிற கோவம்" என்றார் மெதுவாக.

"இருக்கட்டும். வீட்ட எடுத்துக்கட்டும். உன்னைக் குடுக்கறதா நான் யாருக்கும் சொல்லல."

குளிருகிறது என்று சொல்லிக் கைகளைக் கட்டிக்கொண்டேன். இலாரியோன் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சாம்பலைத் தட்டி, அந்தக் கோட்டை என் தோளில் போர்த்தினார்.

"அவருக்கு வேற எடுத்துக்கலாம்" என்றார்.