நன்றாக உறங்கும் நாற்பது பெண்கள்

அறிக்கை தபாலில் போக இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது.

1974-இல் நடந்த அந்த மனநோய் ஆய்வுக்காகத் திரேஸ்புரம் மீனவர் குடியிருப்பில் நாற்பது ஆண்களுக்கும் நாற்பது பெண்களுக்கும் படிவம் நிரப்பியவள் நான். விலங்கியல் பட்டம் வாங்கியபின் கிடைத்த முதல் வேலை. ஆய்வை நடத்திய டாக்டர் கிருபாநிதி படிவங்களைப் புரட்டி மகிழ்ந்துபோனார். ஆண்களில் ஒன்பது பேருக்கு மனக்கோளாறு. பெண்களில் ஒருத்திக்கும் இல்லை. ஆகவே வியாழக்கிழமை தோறும் தொடங்கப்போகும் வைத்தியம் ஆண்களுக்கு மட்டும் போதும் என்று எழுதச் சொன்னார். எழுதினேன். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும்.

நான் போனது மத்தியானங்களில். விடியுமுன் கடலுக்குப் போனவர்கள் திரும்பிவந்து வாசலில் வலையைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள். அவர்கள் பிடித்த மீனை விற்கப் பெண்கள் கூடையோடு போயிருப்பார்கள். இருந்த ஒன்றிரண்டு பேரும் அடுப்படியில். பெண்களுக்கான படிவத்தை நான் எடுத்ததும், அவ எதுக்கு, நான் சொல்லுதேன் என்பார்கள் ஆண்கள். எனக்கு மறுத்துப் பேசிப் பழக்கமில்லை.

ரோச் என்பவரிடம், மனைவிக்கு அழுகை வருமா என்று கேட்டேன். வெங்காயம் உரிக்கையில் வரும் என்றார். உறக்கம் பற்றிக் கேட்டதும், வலையைக் கீழே வைத்துவிட்டு அவள் குறட்டையை அவரே விட்டுக் காட்டினார். 'நன்று, குறட்டை உண்டு' என்று குறித்துக்கொண்டேன்.

அறிக்கை எழுதி முடித்த மறுநாள் முற்பகல், இந்த வைத்தியத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, ரோச்சின் மனைவி அல்போன்சா மீன் கூடையோடு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். பின்னால் ரோச். வியாழக்கிழமை வைத்தியத்துக்குத் தன் பெயரை எழுதச் சொன்னாள். பெண்களுக்குத் தேவைப்படவில்லை என்ற டாக்டர், அவளுடைய படிவத்தைத் தேடியெடுத்து வாசித்துக் காட்டினார்.

"இவளுக்கு என்ன சார் கேடு? படுத்தா பொணம் மாதிரி கெடப்பா," என்றார் ரோச்.

"இவரு எப்பக் கண்டாரு? ஏழு மணிக்கே உறங்கிருதாரு. அந்தக் குறட்டையே இவருதுதான். ரெண்டு வருசமா நான் கண்ண மூடல சார். தெருவுல எந்த நாய் எத்தன தடவ குரைக்குன்னு கேளுங்க, சொல்லுதேன்."

"ஏளா, எங்கிட்டச் சொல்லலயே."

"நீரு முழிச்சிருந்தாத்தான சொல்ல."

டாக்டர் படிவத்தை என் பக்கம் திருப்பினார்.

"கிளாடிஸ், இந்தப் பதிலெல்லாம் இந்தம்மாதானே சொன்னாங்க?"

மேசையில் தபால் உறை ஒட்டித் தயாராக இருந்தது. அல்போன்சா கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு என்னையே பார்த்தாள். 

"இல்ல சார். நாப்பது பேருக்கும் புருசமார்தான் சொன்னாங்க. நான் ஒரு பொம்பளகிட்டகூடப் பேசல."