உந்தமும் ஒரு பிளம் கேக்கும்

ஞானசௌந்தரிக்கு ஒரே ஆசைதான். "இவளுக்குச் சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாது" என்று ஊரெல்லாம் சொன்ன அம்மாவின் வாயை, தானே மணல் அடுப்பில் சுட்ட மூன்று கிலோ கேக்கால் அடைக்க வேண்டும். எண்பத்தைந்தாம் வருஷக் கிறிஸ்துமஸ். சேக்காட்டுப் பள்ளத் தெருக்களில் மழைத்தண்ணீர் இன்னும் வடியவில்லை, அம்மா வீடோ அந்தக் கரையில். லாரி டியூப்பின் மேல் பலகை கட்டி, புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பினார்கள்.

நடுவழியில் மூங்கில் கழி சேற்றில் மாட்டிக்கொண்டது. புருஷன் கிறிஸ்துதாஸ் பிடியை விட்டார். டியூப் நகர்ந்து வந்துவிட்டது, கழி அங்கேயே நின்றது. ஆனால் அவர் இயற்பியல் வாத்தியார் ஆயிற்றே, கலங்குவாரா?

"கையால தள்ளுங்களேன்" என்றாள்.

"சாக்கடத் தண்ணிடி, பாம்பு கீம்பு கெடக்கும். பாடத்துல உந்தம்னு ஒண்ணு கீது. நாம ஒரு பொருளப் பின்னால எறிஞ்சா, நாம முன்னால போவோம்."

இடது செருப்பை எறிந்தார். டியூப் ஒரு சாண் நகர்ந்தது. வலது செருப்புக்கு இன்னொரு சாண். அப்புறம் குடையும் போனது.

"இன்னாங்க, இப்டியே போனா ஈஸ்டருக்குத்தான் போய்ச் சேருவோம்."

"எடையையும் வேகத்தையும் பெருக்குனாத்தான்டி உந்தம். செருப்புல இன்னா எடை கீது? நல்ல கனமா எதனா இருந்தா..." என்றவரின் கண், மெல்ல கேக் இருந்த பிஸ்கட் டின்மேல் போய் உட்கார்ந்தது.

அடப்பாவி மனுஷா! ஞானசௌந்தரி டின்னை மடியோடு அணைத்துக்கொண்டாள். அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

"கனமா எதனா பின்னால போவணும், அவ்ளோதான?"

"அவ்ளோதான்."

டின் மூடியைக் கழற்றினாள். குனிந்து, அதால் தண்ணீரைப் பின்னால் ஒரு தள்ளு தள்ளினாள். டியூப் விசுக்கென்று முன்னே போனது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

"சுத்தி இம்மாம் தண்ணி கீது. எறியறதுக்கு என் கேக்குதான் கெடச்சிதா சார் உங்களுக்கு?"

துடுப்பு தண்ணீரைப் பின்னால் தள்ளினால் படகு ஏன் முன்னால் போகிறது என்று அரைப் பரீட்சையில் கேள்வி கேட்டவரே அவர்தான்.

"இன்னா மாப்ள, வெறுங்காலோட வந்துகீறீங்க?" என்றபடியே, அந்தக் கரை வீட்டில் அம்மா கேக்கைப் பிட்டு வாயில் போட்டாள். இன்னொரு தரம் பிட்டாள். "ஏண்டி, எந்தக் கடையில வாங்கின?"

ஞானசௌந்தரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கிறிஸ்துதாஸ் இரண்டாம் துண்டுக்குக் கை நீட்டினார். அவள் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"வேணாங்க. கேக்கு எடை கொறஞ்சா உந்தமும் கொறஞ்சிடும். திரும்பிப் போவ வேணாமா?"